முதலில் எழுந்த ஆள்

“யாரோ திட்டம் போட்டுத்தான் எழுப்பி விடறாங்க, மேடம்,” என்றார் கதிரேசன்.

சபா அலுவலகம். வெளியே கச்சேரி முடிந்து கார்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அலர்மேலு மறுநாள் டிக்கெட்டுகளை வரிசை வாரியாக ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு?”

“அதான் தெரியலை.”

விஷயம் இதுதான். கச்சேரியில் ஒரு கட்டத்தில் பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கு வழிவிடுவார். இருபது நிமிடம் மிருதங்கம் மட்டும். அதற்குப் பேர் தனி ஆவர்த்தனம். சுருக்கமா, தனி.

அந்த இருபது நிமிடத்தில்தான் சனம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். எல்லா சபாவிலும் நடப்பதுதான். ஆனால் இங்கே இந்த வருஷம் பாதி அரங்கமே காலி.

அன்றைக்கும் அப்படித்தான். முடிந்ததும் மிருதங்க வித்வான் தாண்டவமூர்த்தி, கதிரேசன் நீட்டிய காப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்த சீசன்ல உங்க சபால எனக்கு இன்னும் ரெண்டு கச்சேரி. இருபத்தெட்டாம் தேதி கடைசி. அன்னிக்கும் நான் முதுகைத்தான் பார்க்கணும்னா, வாத்தியத்தை உறைல போட்டுட்டு நடுவுலயே கிளம்பிடுவேன். அவங்க போகலாம், நான் போகக்கூடாதா?”

சபா தலைவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

“அவர் கிளம்பினா, பொங்கலுக்கு அப்புறம் நீங்களும் வர வேண்டாம்.”

கதிரேசனுக்கு முப்பத்தாறு வயசு. பத்து வருஷம் கல்யாண மேடை, கார் கம்பெனி விழா என்று வடிவமைத்தவர். புகை மெஷினை எங்கே வைக்கணும், மாப்பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து வரணும், எல்லாம் தெரியும். சபா நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொந்தக் கம்பெனியை மூடிவிட்டு அலர்மேலுவிடம் வந்து சேர்ந்தார். சபாவின் நிகழ்ச்சிப் பொறுப்பு அலர்மேலுவிடம். கதிரேசனைவிட நாலு வயசு சின்னவர்.

அதைப் பற்றியும் கதிரேசனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது.

“நான் என்ன செய்யணும், மேடம்?”

அலர்மேலு கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டை உருவிக் கொடுத்தார். சி வரிசை, பதினாலு. நடைபாதை ஓரம்.

“தனி ஆரம்பிக்கும்போது இதுல உட்கார்ந்திருங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

கதிரேசன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அரங்கம் காலியானதும் போய் சி பதினாலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு மிட்டாய்த் தாள் கிடந்தது. அதையும் பிரித்துப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்கு இடித்தது. தன்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு வேறெங்கோ ஏதோ நடத்தப் போகிறார்கள்.

அவர் உட்காரப் போவதில்லை.

*

மறுநாள் கேன்டீன்.

“தனி நேரம் பார்த்து வேணும்னே கீரை வடை போடறீங்க,” என்றார், கேன்டீன் நடத்தும் நெல்லையப்பனிடம்.

“நாலு மணில இருந்தே போட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்.”

“தனிக்குத்தான் வாசனை தூக்கலா வருது.”

“வாசனையைத் தாளத்துக்கு எடுத்து விட எனக்குத் தெரியாது, சார். தெரிஞ்சா நான் மேடைல இருப்பேன்.”

இருபத்தி நாலாம் தேதி, தாண்டவமூர்த்தியின் தனிக்கு முன்னாலேயே அடுப்பை அணைக்கச் சொன்னார் கதிரேசன். ஷட்டரையும் இறக்கச் சொன்னார்.

தனி ஆரம்பித்தது. சனம் எழுந்தது. மூடிய ஷட்டருக்கு முன்னால் வந்து நின்று அறுபது எழுபது பேர் கதை பேசினார்கள்.

நெல்லையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “வடை இல்லாமலே வந்துட்டாங்க, சார். இனிமே நான் எதுக்கு?”

கதிரேசன் ஒரு பெரியவரை மடக்கினார்.

“ஏன் சார் எழுந்து வந்தீங்க?”

“எல்லாரும் வந்தாங்க.”

“முதல்ல வந்தது யாரு?”

“எனக்கு முன் வரிசைக்காரர்.”

“அவருக்கு முன்னாடி?”

“அவரைக் கேளுங்க. நான் என்ன சென்சஸா எடுக்கறேன்?”

*

“எதிர் சபாக்காரன் ஆள் அனுப்பறான், மேடம். கும்பல் வேண்டாம். ஒரே ஒரு ஆள் போதும். அவன் முதல்ல எழுந்தா மத்ததெல்லாம் ஆட்டு மந்தை.”

“சி பதினாலுல உட்கார்ந்தீங்களா?”

“எனக்கு எங்க நேரம்? தனி ஆரம்பிச்சதும் சால்வை எடுக்கப் போகணும். தனி முடியறப்போ தட்டு தயாரா இல்லைன்னா தலைவர் கத்துவார்.”

“உட்காரலை.”

“அதை விடுங்க, மேடம். பின்சுவர்ல கேமரா இருக்குல்ல? இன்னிக்கு ஓடினதைப் போடுங்க. ஆளைப் பிடிச்சிடலாம்.”

“பிடிக்கலாம்,” என்றார் அலர்மேலு.

கணினியைத் தன் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திருப்பினார். சத்தத்தை அணைத்தார்.

திரையில் அரங்கம். அவ்வளவும் பின்னந்தலைகள். தூரத்தில் மேடை. பாடகர் தாண்டவமூர்த்தி பக்கம் கையைக் காட்டினார். தாண்டவமூர்த்தி வாசிக்க ஆரம்பித்தார்.

பத்து விநாடி இருக்கும். முதல் வரிசை ஓரத்தில் ஒரு ஆள் எழுந்தான்.

மெரூன் ஜிப்பா. சபா ஆட்கள் எட்டுப் பேருக்கும் அதே ஜிப்பாதான்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க. பார்த்தீங்களா? நம்ம ஜிப்பாவையே போட்டுட்டு வந்திருக்கான்.”

அலர்மேலு ஓட விட்டார்.

அந்த ஆள் யாரையும் மறைக்கக் கூடாது என்று நன்றாகக் குனிந்துகொண்டு நடைபாதையில் கேமரா இருக்கும் பக்கமாக வந்தான். முகம் தெரியவில்லை. உச்சந்தலைதான் தெரிந்தது. அதன் நடுவே தட்டை அளவுக்கு ஒரு வழுக்கை.

அவன் முதல் வரிசையைத் தாண்டினான். முதல் வரிசையில் ஒருவர் வாட்சைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மூன்றாம் வரிசையைத் தாண்டினான். அங்கே மூன்று பேர்.

பத்தாவது வரிசைக்கு வந்தபோது அவனுக்குப் பின்னால் அரங்கம் கல்யாணப் பந்தி முடிந்த மாதிரி இருந்தது. அவன் திரும்பியே பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

“யாரு மேடம் இந்த வழுக்கை? நம்ம ஆளுங்கள்ல யாருக்கும் வழுக்கை இல்லையே?”

அலர்மேலு இருபதாம் தேதியைப் போட்டார். வேறு பாடகர், வேறு மிருதங்கம். அதே வழுக்கை.

பதினெட்டாம் தேதி. அதே வழுக்கை.

“தினமும் வந்திருக்கான். என்ன தைரியம் இருக்கணும்? நாளைக்கு வாசல்லயே எல்லாத் தலையையும் குனியச் சொல்லிப் பார்த்துத்தான் உள்ள விடணும்.”

“செய்யலாம்.”

அலமாரிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மெதுவாகக் கதிரேசன் பக்கம் திரும்பியது.

உச்சந்தலையில் ஒரு இடத்தில் மட்டும் ஜில்லென்று இருந்தது.

அவர் கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தார்.

கை அங்கேயே நின்றது.

மின்விசிறி அலமாரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

“டிக்கெட் இருக்கா, தொலைச்சிட்டீங்களா?” என்றார் அலர்மேலு.

*

இருபத்தெட்டாம் தேதி கதிரேசன் முதல் பாட்டிலிருந்தே சி பதினாலில் இருந்தார். மெரூன் ஜிப்பா. காதில் வாக்கி டாக்கியின் இயர்போன்.

ஒரு கச்சேரியை ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்பது அந்த சபாவில் அவருக்கு அதுதான் முதல் தடவை. கால் தானாக ஆடியது. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா, யார் எங்கே போகிறார்கள், மேடம் என்ன செய்துகொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

பாடகர் கையைக் காட்டினார்.

தாண்டவமூர்த்தி உடனே ஆரம்பிக்கவில்லை. முதலில் அரங்கத்தைப் பார்த்தார். பிறகு தட்டினார்.

நெல்லையப்பன் வடை போட்டுக்கொண்டிருந்தார். வாசனை நன்றாகவே வந்தது.

முன் வரிசையில் ஒருவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். எழப் போகும்முன் இந்தப் பக்கமும் பின்பக்கமும் பார்த்தார். மெரூன் ஜிப்பாவைப் பார்த்தார். அது உட்கார்ந்திருந்தது.

பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பாதி எழுந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் புடவையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்தார்கள்.

ஐந்து நிமிடம் போனது. தாண்டவமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

காதில் கரகரவென்று தலைவர் குரல் வந்தது.

“கதிரேசன், எங்கய்யா இருக்கே? சால்வைத் தட்டு எங்கே? சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்பணுமாம். தனி முடியற வரைக்கும் காத்திருக்க மாட்டார்.”

கதிரேசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நீ வந்து சால்வையை எடுத்துக் குடுக்கலைன்னா, பொங்கல் வரைக்கும்கூட வேண்டாம். நாளைக்கே வர வேண்டாம். காதுல விழுதா? எழுந்திரு.”

காதில் நன்றாக விழுந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.