மூன்றாவது பட்டை

சங்ககிரியில் தெய்வானையின் பட்டறைக்குத் தொழில் கற்க வந்தபோது சென்னியப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முப்பது வருடம் லாரி ஓட்டியவன் வண்டிகளின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடிக்க ஏன் வருகிறான் என்று அவள் கேட்கவில்லை. சம்மட்டியைக் கொடுத்தாள். இரண்டு மாதமாக அவன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பழைய கறுப்புக் கார் ஒன்று வந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய வண்டி. பின்பக்கம் இடதுபுறமாக நாலு விரல் இறங்கிக் கிடந்தது.

"பழையபடி தூக்கி நிறுத்தினாப் போதும். கண்காட்சிக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு உரிமையாளர் போனார்.

இடதுபக்க ஸ்பிரிங்கைக் கழற்றி இறக்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பட்டைகள். இறுகப் பிடித்திருந்த கிளாம்பைத் தளர்த்தியதும் மூன்றாவது பட்டை இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

உடைந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெளுத்திருந்தது.

"இந்தக் கறுப்பு என்னங்க அம்மணி?"

"பழைய விரிசல். துரு ஏறியிருக்கு. வெளுப்பா இருக்குதே, அதுதான் கடைசியா விட்டது."

"எத்தனை நாளா இருந்திருக்கும்?"

"மாசக்கணக்கா."

சென்னியப்பன் துண்டைக் கீழே வைக்கவில்லை.

"எங்க லாரிப் பட்டையும் இப்படித்தான் கறுத்திருந்துச்சுங்க."

தெய்வானை உலையில் கரியைத் தள்ளினாள். அவனே சொன்னான். ஐந்து வருடத்துக்கு முன்னால் தொப்பூர் இறக்கத்தில் பட்டை உடைந்து லாரி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைவேலு அங்கேயே போய்விட்டான். அவன் சென்னியப்பனின் தங்கை காவேரியைக் கட்டியவன். அன்றைக்கு இரண்டு டன் கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். அந்த இரண்டு டன்தான் மச்சானைக் கொன்றது என்றே சென்னியப்பன் நினைத்திருந்தான்.

"அப்போ அன்னிக்கு ஏத்துன பாரத்தால உடையலைங்களா?"

"அன்னிக்கு முடிஞ்சுது. ஆரம்பிச்சது எப்பவோ."

"வெளியில இருந்து பாத்தாத் தெரியுமுங்களா?"

"தெரியாது. நடுவுல மறைஞ்சிருக்கிற பட்டை. கழட்டுனாத்தான் எனக்கே தெரியும்."

ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு நிறைய வந்தது. இன்றைக்கே காவேரி வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தான். யாராலும் பார்த்திருக்க முடியாது என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

தெய்வானை முதல் பட்டையை உலையில் வைத்தாள். செக்கச் சிவந்ததும் இடுக்கியால் எடுத்து வளைவு அச்சின்மேல் போட்டாள். அவன் அடித்தான். தளர்ந்து கிடந்த இரும்பு மெல்ல வளைவுக்கு வந்தது. அவள் அதை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தினாள். புகை எழுந்து முகத்தை மறைத்தது.

"உங்க வண்டி ஒருபக்கமாச் சாஞ்சு ஓடுச்சாங்ணா?"

சென்னியப்பன் சம்மட்டியைத் தரையில் ஊன்றினான்.

"ஓடுச்சுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எறங்கியே பாக்கலைங்க. வண்டி சாயுது, பட்டையக் கழட்டிப் பாத்துரலாம்னு குழந்தைவேலுதான் சொன்னான். ஒரு மாசமாச் சொல்லிட்டே இருந்தான். இந்த நடை முடியட்டும், இந்த நடை முடியட்டும்னு நான்தான்..."

எண்ணெயில் குமிழிகள் அடங்கின.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை போனா சோறு போடுவா. கடைசியா அவரு என்னண்ணா சொன்னாருன்னு இன்னும் கேக்கறா. ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தெய்வானை பட்டையை வெளியே எடுத்தாள். எண்ணெய் சொட்டட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னா அவ தாங்குவாளா அம்மணி?"

"அஞ்சு வருஷமாத் தாங்கிட்டுத்தானே இருக்காங்க. எதைத் தாங்கறோம்னுதான் அவங்களுக்குத் தெரியாது."