கம்பத்தில் முட்டிய மூன்றாம் நம்பர் சைக்கிள்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடைசியில் தீர்ப்பு உங்களுடையது.

பொங்கல் சைக்கிள் ரிலே. தெருவுக்கு ஒரு சைக்கிள், இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து சுற்று. காலையில் நம்பர் ஒட்டிய சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும். மாற்றினால் தெருவே அவுட். எங்கள் தெரு நான்கு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த முறை பேச்சிமுத்துவும் அவன் தங்கை இசக்கியம்மாளும். இவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எதிர்த் தெருக்காரனே ஒப்புக்கொண்டான்.

போட்டிக்கு அரைமணி முன்னால் பேச்சிமுத்து கையை விட்டு ஓட்டிக் காட்டினான். நேராகப் போய்க் கரண்ட் கம்பத்தில் முட்டினான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிளுக்கு ஹேண்டில் கோணல். கேப்டன் சுடலைக்கண்ணு அண்ணாச்சி எல்லாரும் செய்வதையே செய்தார்: முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டிலை ஒரு முறுக்கு. நேராகிவிட்டது. சக்கரத்தைச் சுற்றிவிட்டார், ஆடாமல் சுற்றியது. பிரேக்கும் பிடித்தது. பேச்சிமுத்து ஒரு ரவுண்டு போய் வந்து, "கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

இசக்கியும் ஏறினாள். பத்தடி போய்த் திரும்பும்போது அவள் கால்விரல் முன் மட்கார்டில் இடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"இதுவரைக்கும் இப்படி இடிச்சதே இல்ல. அண்ணாச்சி, இத ஓட்டக் கூடாது."

"ஏட்டி, நகத்த வெட்டிட்டு ஏறு!" என்றான் பேச்சிமுத்து. தெருவே சிரித்தது. "மொத அஞ்சு சுத்து என்னோடது. நீ அப்புறமா பயப்படு."

விசில் ஊத ஆள் வந்தாயிற்று. இசக்கி மறுபடி சைக்கிள் பக்கம் குனிந்தாள். முன்சக்கர வால்வைக் கழற்றிச் சாக்கடையில் வீசினாள். காற்று புஸ்ஸென்று போனது. எங்கள் தெரு ஓடாமலே தோற்றது.

"ஒத்த விரலுக்காகத் தெரு மானத்த வாங்கிட்டியேட்டி!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"ஆமா, வாங்கிட்டேன். எங்கண்ணன் பல்லு மிச்சம்."

இப்போது சொல்லுங்கள். சோதித்துப் பார்த்த அண்ணாச்சி, ஓட்டியே பார்த்த பேச்சிமுத்து, காற்றைப் பிடுங்கிய இசக்கி: இதில் யார் செய்தது சரி?

பதில்: இசக்கி. சக்கரம் ஆடாமல் சுற்றினால் சக்கரம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நேற்றுவரை எட்டாத மட்கார்டு இன்று காலுக்கு எட்டினால், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கமாக வளைந்துவிட்டது. வளைந்த இரும்பு சொல்லிவிட்டு உடையாது. ஃபோர்க்கை மாற்றும்வரை ஏறவே கூடாது. "அதுதான் உடையவே இல்லையே?" என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். உடைந்தால்தான் நம்புவேன் என்கிறவர்கள் தாராளமாக ஓட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.