பாராட்டு விழாவில் ஒரு பூனைக்குட்டி

மருதங்குளத்துக் கரையில் ஒரு காட்டுப்பூனையைச் சிறுத்தை அடித்துப் போட்டது. பூனைக்கு இரண்டு குட்டிகள். கண் திறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோரைப் புதருக்குள் கிடந்து இரண்டும் கத்தின.

தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டன.

"ஐயோ பாவம்!" என்றது முள்ளம்பன்றி.

"தாயில்லாத பிள்ளைங்க. எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றது கரடி.

"காலம் கெட்டுப் போச்சு" என்றது மயில்.

இப்படி வாயார வருத்தப்பட்டுவிட்டு, வயிறாரத் தண்ணீரும் குடித்துவிட்டு, எல்லாம் அதனதன் வழியில் போய்விட்டன. வருத்தப்படுவதற்கு என்ன செலவு?

போகாமல் நின்றவள் ஒருத்திதான். தாழை என்று பெயர். கரையோரத்து மருத மரத்தில் குடியிருந்த மந்தி.

தாழைக்குப் பிள்ளை இல்லை. மந்திக் கூட்டத்தில் ஒரு குட்டி பிறந்துவிட்டால் எல்லாப் பெண்களும் கூடி உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றி அதைக் கொஞ்சுவார்கள். தாழை கையை நீட்டினால் மட்டும் பெற்றவள் குட்டியை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வாய் திறந்து யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தாழைக்குத் தோன்றும்.

அவள் கோரைக்குள் கையை விட்டுக் குட்டிகளை எடுத்தாள். ஆணும் பெண்ணுமாக இரண்டு. உடம்பு சில்லென்று இருந்தது. இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரமேறினாள். பொந்துக்குள் இலவம்பஞ்சைப் பரப்பிப் படுக்கவைத்தாள். தன் உடம்புச் சூடு ஏறும்வரை அசையாமல் கூடவே கிடந்தாள். அப்புறம் பெரியவன், சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பாலுக்கும் வழி கிடைத்தது. கன்றைப் பறிகொடுத்த புள்ளிமான் ஒன்று மடி கனத்து நின்றது. தாழை அதனிடம் கெஞ்சிக் கேட்டு, இலைத் தொன்னையில் பாலைக் கறந்து வந்தாள். பஞ்சை அதில் நனைத்துத் துளித்துளியாக ஊட்டினாள். குட்டிகள் சப்புக்கொட்டிக் குடித்தன.

செய்தி காடெங்கும் பரவியது. அன்றைக்கு நின்றுகூடப் பார்க்காத மிருகங்கள் இப்போது மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தன.

"பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டா" என்றது முள்ளம்பன்றி.

"வயித்தப் பாரு, கும்முனு இருக்கு! நல்ல ஊட்டம்" என்றது கரடி.

தாழைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதுவரை அவளை யாரும் எதற்கும் மெச்சியதில்லை.

மூன்றாம் நாள் கோணக்காலி வந்தாள். அவள் ஒரு கழுதைப்புலி. பின்னங்கால் தாழ்ந்து, முதுகு சரிந்து, பிணவாடையோடு அலைபவள். அவள் வந்தால் மற்ற மிருகங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிடும். அவள் மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் குட்டிகளின் அழுகையைக் கேட்டாள்.

"தாழை, பால் குடுக்கிறியே, அதுங்க மூத்திரம் போகுதா?"

தாழைக்குச் சுருக்கென்றது. "இது என்ன கேள்வி? குட்டின்னா தானா போகும்."

"மந்திக்குட்டி தானா போகும். பூனைக்குட்டி போகாது. தாய் அடிவயித்தையும் கீழேயும் நக்கி நக்கி விட்டாத்தான் போகும். என் குட்டிங்களுக்கும் நான் அப்படித்தான் செஞ்சேன். நீ நக்கி விட்டியா?"

"சீ! நக்குறதாம்! ருசி பாக்க வந்தியா? நாத்தம் புடிச்ச வாயை வச்சுக்கிட்டு எனக்குப் பிள்ளை வளக்கச் சொல்லித் தரியா? போடி அந்தப் பக்கம்!"

"வயிறு பாலால பெருக்கலடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோணக்காலி நொண்டி நொண்டிப் போனாள்.

பொறாமை பிடித்தவள் என்று தாழை நினைத்துக்கொண்டாள். பெரியவன் விடாமல் அழுதான். பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பால் ஊட்டினாள். அவன் வயிறு கல்லாக இறுகியிருந்தது. தொட்டால் துடித்தான். மறுநாள் காலையில் அவன் அழவில்லை. தாழை புரட்டிப் பார்த்தாள். உடம்பு விறைத்திருந்தது.

சின்னவளின் வயிறும் இறுகத் தொடங்கியிருந்தது. தாழை அவளைத் தூக்கிக்கொண்டு கோணக்காலியின் குகைக்கு ஓடினாள். வழியில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடினாள்.

கோணக்காலி ஒன்றும் குத்திக்காட்டவில்லை. குட்டியைத் தன் முன்னங்கால்களுக்கு நடுவே கிடத்தி நாக்கால் மெதுவாக நீவி விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. சின்னவள் பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். தாழை குகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரியவனுக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

"நாக்கு கூசுதுன்னா ஈரப்பாசிய எடுத்துத் தடவு. அதுவும் இல்லைன்னா விரல். பால் குடுக்கிற ஒவ்வொரு தடவையும் செய்யணும். இன்னும் பத்து நாள், அப்புறம் அதுவே போகும். ஆனா இது ஏற்கெனவே அடிபட்ட உடம்பு. ஒரு நாள் பூரா கட்டிக்கிட்டா இன்னொரு தடவை தாங்காது" என்றாள் கோணக்காலி.

"சரி. இதை யார்கிட்டயும் சொல்லிடாத."

"என்கிட்ட யார் வந்து பேசுறாங்க, நான் சொல்றதுக்கு?"

அன்றிலிருந்து கோணக்காலி சொன்னபடியே தாழை செய்தாள். ஆனால் பொந்துக்குள் ஒளிந்து செய்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பாசியால் தடவி விடுவாள். மரத்தடியில் காலடி கேட்டால் பாசியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொன்னையைக் கையில் எடுத்துக்கொள்வாள். பால் ஊட்டுவதை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அந்த இன்னொரு வேலையை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது. அந்தக் கழுதைப்புலி செய்கிற வேலையை இவளும் செய்கிறாள் என்று காடு சிரிக்காதா?

பெரியவன் எங்கே என்று கேட்டவர்களிடம், அது பிறவியிலேயே சீக்குக் குட்டி, தங்கவில்லை என்று தாழை சொல்லிவைத்தாள். சின்னவள் தேறினாள். தாழையின் விரலைப் பிடித்து விளையாடக் கற்றுக்கொண்டாள். தாழை குரல் கொடுத்தால் தலையைத் தூக்குவாள். தனக்கென்று ஒரு பிள்ளை வந்துவிட்டது என்று தாழை முதல் தடவையாக நம்பினாள்.

ஆறாம் நாள் தலைவர் யானை ஆள் அனுப்பினார். தாழைக்குக் குளக்கரையில் பாராட்டு விழா. குட்டியோடு வர வேண்டும். 'காட்டின் தாய்' என்று பட்டம் கொடுக்கப்போகிறார்கள்.

மறுநாள் விடிந்ததுமே கூட்டம் கூடிவிட்டது. பாறைதான் மேடை. நடுவில் தாழை, அவள் மடியில் சின்னவள். முன்வரிசையில் மந்திக் கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. விழா தொடங்குமுன் இளம்தாய் ஒருத்தி எழுந்து வந்து, "ஒரு நிமிஷம் வச்சுக்குங்க அக்கா" என்று தன் குட்டியைத் தாழையின் கையில் கொடுத்தாள். தாழை அதை நெஞ்சோடு அணைத்து உச்சி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் அவள் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தான்.

மயில் வரவேற்புரை சொன்னது. தோகையை விரித்து நான்கு பக்கமும் திரும்பிக் காட்டி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. அடுத்துக் கரடி வந்தது.

"நேரத்தின் அருமை கருதி ரெண்டே ரெண்டு வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று ஆரம்பித்தது. சூரியன் உச்சிக்கு வந்தபோது அது தன் சொந்தக் குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது.

சின்னவள் சிணுங்கினாள். தாழைக்கு அந்தச் சிணுங்கல் தெரியும். பசி அழுகை வேறு, இது வேறு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது.

எழுந்து புதர் மறைவுக்குப் போய்விடலாமா? போனால் ஏன் என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தில் நாலு மந்திகள் கூடவே வருவார்கள். இங்கேயே செய்யலாம். விரல்தானே, ஒரு கணம்தானே. ஆனால் முன்வரிசை முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கரடி முடிக்கட்டும் என்று நினைத்தாள்.

கரடி முடித்ததும் முள்ளம்பன்றி வந்தது. அழுகை பலத்தது.

"குழந்தைக்குப் பசி போல!" என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் ஒரு பால் தொன்னை மேடைக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்கையில் தாழை என்ன செய்வாள்? ஊட்டினாள். கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. "தாய்! தாய்!" என்று குரல்கள் எழுந்தன. சின்னவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வீறிட்டாள்.

மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"தாழை! குட்டி எதுக்குக் கத்துதுன்னு தெரியலையா உனக்கு? வெக்கத்தை விட்டுட்டு இப்பவே செய்யடி!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோணக்காலிக்கு அழைப்பில்லை. அழைக்காத இடத்துக்கு வந்து கத்துகிறாள்.

"என்ன செய்யச் சொல்றா அந்த நாத்தக்காரி?" என்று இளம்தாய் தாழையிடம் கேட்டாள்.

தாழை அவள் முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த சின்னவளையும் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? அவ எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

காட்டுப்பன்றிகள் இரண்டு பாய்ந்து போய்க் கோணக்காலியைத் துரத்தின. அவள் ஓடிக்கொண்டே எதையோ கத்தினாள். யாருக்கும் காதில் விழவில்லை.

கடைசியாகத் தலைவர் யானை எழுந்தார். தேக்கிலைகளைக் கோத்துச் செய்த பொன்னாடையைத் தாழையின் தோளில் போர்த்தினார். பிறகு தாய்மையின் பெருமையைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். பல மிருகங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இவர் முடித்ததும் மரத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று தாழை நினைத்துக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்தது. யானை இன்னும் பேசினார். சின்னவளின் குரல் தேய்ந்தது. கொஞ்ச நேரம் அவள் பிஞ்சு நகங்கள் மட்டும் தாழையின் வயிற்றைப் பிறாண்டின. அப்புறம் அதுவும் நின்றது.

"அழுத பிள்ளை அடங்கிடுச்சு பாருங்க" என்றார் யானை. கூட்டம் முழுவதும் மேடையைப் பார்த்தது. "தாய் மடி கிடைச்சதும் எவ்வளவு நிம்மதியாத் தூங்குது! நான் இனி என்ன பேச? இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தாழை தேக்கிலைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அவள் விரலைச் சின்னவள் பிடிக்கவில்லை; மூச்சும் இல்லை. தாழை பொன்னாடையை இழுத்து மடியை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்தது. பிள்ளை முழித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மிருகமும் அடிமேல் அடி வைத்து, அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனது.

நாலு பேர் மெச்சுகிற வேலையை மட்டும் செய்து, நாலு பேர் முகம் சுளிக்கிற வேலைக்குக் கூச்சப்பட்டு நிற்பவர், கையில் எடுத்த பிள்ளையைத் தம் கையாலேயே சாகக் கொடுப்பார்.