வராண்டாவில் நின்ற ஓட்டு

நிதானமாகக் கேளுங்கள். எனக்கே இரண்டு தடவை யோசித்த பிறகுதான் பிடிபட்டது.

கடலோரமாக ஒரு நாடு. அங்கே ஒரு சட்டம் வருவதென்றால் லேசில்லை. கீழவையில் மூன்று முறை படிக்கவேண்டும், நடுவில் குழுவுக்குப் போய் வரவேண்டும், அப்புறம் மேலவையிலும் அதே மாதிரி. எங்கே தோற்றாலும் ஒரு வருஷம் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த ஊர்ப் பெண்கள் இறால் உரிக்கும் கொட்டகையில் விடிகாலையிலிருந்து நிற்பார்கள். ஐஸில் கை மரத்துப்போகும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக வலிக்கும். வேலை நடுவில் இரண்டு தடவை போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்து வரலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தாள் சந்தனமாரி. அவளும் அங்கே இறால் உரித்தவள்தான், இப்போது மேலவை உறுப்பினர். இரண்டு வருஷம் அலைந்து கீழவையைத் தாண்டி, மேலவையின் கடைசி ஓட்டு வரை கொண்டுவந்துவிட்டாள்.

மேலவையில் அவைத் தலைவரைச் சேர்க்காமல் எண்பத்திரண்டு பேர். மசோதாவுக்கு ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு நாற்பத்தொன்று. சமமாக வந்தால் மட்டும் தலைவர் ஓட்டுப் போடுவார். போட்டால், இருப்பது இருந்தபடியே இருக்க, அதாவது புதுச் சட்டத்துக்கு எதிராகத்தான் போடவேண்டும். அது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கட்சிக்காரர் நோயென்று வராவிட்டால், எதிர்க்கட்சியில் ஒருவர் அவருக்கு ஈடாக அன்றைக்கு ஓட்டுப் போடாமல் வெளியே இருப்பார். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, வாய்வார்த்தைதான். சந்தனமாரி பிரசவத்துக்குப் போயிருந்தபோது எதிர்க்கட்சிப் பொன்னுரங்கம் அப்படி அவளுக்காக வெளியே இருந்தார்.

இப்போது பொன்னுரங்கத்துக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ். சந்தனமாரி, இரண்டு கட்சிக் கொறடாக்களையும் வைத்துக்கொண்டு சொன்னாள். "இன்னைக்கு நான் வெளிய இருக்கேன் அண்ணாச்சி. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மசோதா மறுநாள்தான் பட்டியலில் இருந்தது. ஆனால் மற்ற வேலை சீக்கிரம் முடிந்ததால் அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். மணி அடித்தது. மூன்று நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். சந்தனமாரி வராண்டாவில் நின்றாள்.

அவள் கட்சிக் கொறடா மகுடபதி ஓடிவந்தார். "ஏம்மா, மசோதா உங்களுது! கல்யாணப் பொண்ணு மண்டபத்துக்கு வெளிய நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"வார்த்தை கொடுத்திருக்கேன்."

விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பொன்னுரங்கமே போனில் கூப்பிட்டார். "தாயி, அங்க இருந்தா நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனா என் சீக்கைக் காட்டி உன்னை வெளிய நிறுத்துறது எனக்குப் பிடிக்கல. நீ கொடுத்த வார்த்தையை நான் விட்டுக்கொடுத்துட்டேன், உள்ள போ."

கதவருகே நின்ற எதிர்க்கட்சிக் கொறடா சூசை மெதுவாகச் சொன்னார். "எங்க கிட்டயும்தான் சொன்னீங்கம்மா."

சந்தனமாரி நகரவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். நாற்பது, நாற்பது. தலைவர் அருளானந்தம் அந்தப் பதவிக்கு வருமுன் இந்த மசோதாவுக்காகத் தொண்டை கட்டப் பேசியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எதிர்க்கிறேன்" என்றார். மசோதா விழுந்தது.

பொன்னுரங்கம் அவளைப் போகச் சொன்னார். சந்தனமாரி போகவில்லை. தலைவர் தன் மனசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். இந்த மூன்று பேரில் யார் செய்தது சரி?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னுரங்கம் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த வார்த்தை அவர் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்ததல்ல, இரண்டு கொறடாக்களும் கேட்டது. அவர் தனியாக விட்டுக்கொடுக்க முடியாது. தலைவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. திறந்த கதவு முன்னால் நின்றவள் சந்தனமாரிதான். அவள் செய்தது சரி. பொன்னுரங்கமும் அவளும் நல்லபடியாக வந்திருந்தாலும் நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் சமமாகி, தலைவர் அதையேதான் செய்திருப்பார். உள்ளே போயிருந்தால் நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று அவளை ஜெயிக்க வைத்தது பொன்னுரங்கத்தின் சீக்காகத்தான் இருந்திருக்கும். சரியாகத்தான் செய்தாள். மசோதா திரும்ப வர ஒரு வருஷம், மறுபடி இரண்டு அவை, ஆறு தடவை படிப்பு. அதற்குள் இப்போது கொட்டகைப் பெண்களுக்குப் பிறந்திருக்கிற பிள்ளைகளெல்லாம் பால் மறந்து சோறு தின்னும்.