பொட்டு வைத்த கையேடு

ஒரு கடற்கரை ஊரில், கடலைப் பார்த்தபடி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை பீரோ நின்றது. பீரோவுக்குள் நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். பள்ளியில் பிள்ளைகளும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். ஆனாலும் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் சந்தித்ததில்லை. நடுவில் பூட்டு தொங்கியது.

பூட்டியவர் தலைமையாசிரியர் குஞ்சிதபாதம். கெட்டவர் இல்லை. புத்தகத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார், அதுதான் வினை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஓரம் மடங்கும், அட்டை கிழியும், மீன் வாடை ஏறும் என்று பயந்தார். வருஷா வருஷம் பார்வையிட வரும் அதிகாரி பீரோவைத் திறந்து, "அடடே, வந்த மேனிக்கே வச்சிருக்கீங்களே சார்" என்று மெச்சிவிட்டுப் போவார். அந்த ஒரு சொல்லில் குஞ்சிதபாதத்துக்கு அடுத்த வருஷம் வரை வயிறு நிறைந்திருக்கும்.

பீரோவின் மேல்தட்டில், நட்டநடுவில் கையேடு உட்கார்ந்திருந்தது. நிலம் அதிர்ந்தால் என்ன செய்ய வேண்டும், ஆழிப்பேரலை வந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்காகவே அச்சடித்த புத்தகம். நானூறு பக்கம், தடித்த அட்டை, பொன்னெழுத்து. தூரத்து ஊர்களில் பேரலை வந்துபோன பிறகு கரையோரப் பள்ளிகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று அனுப்பியிருந்தார்கள். இந்த ஊரை மட்டும் அந்த அலை தொடாமல் விட்டிருந்தது. அதனால் ஊரார், "நம்ம கடல் அப்படிப்பட்டது இல்ல" என்று கடலுக்கு நற்சான்று கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

கையேட்டுக்குக் கர்வம் உண்டு. கூடவே ஒரு தவிப்பும் உண்டு. "ஒரே ஒருவர் என்னைத் திறந்து நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தால் போதும். இந்தப் பிள்ளைகளின் உயிர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று நாள் தவறாமல் பீரோவிடம் புலம்பும்.

"என் வயிற்றில் இருக்கிறவரை உனக்கு ஓர் ஆபத்தும் வராது" என்று பீரோ ஆறுதல் சொல்லும்.

"எனக்கு வராதுதான்" என்று கையேடு பெருமூச்சு விடும்.

கீழ்த்தட்டு மூலையில் 'ஓடிய நண்டு' என்று ஒரு கதைப் புத்தகம் கிடந்தது. பதினாறே பக்கம், அதிலும் பாதி படம். பொழுது போகாத ஒரு நாள் கையேடு அதைக் கூப்பிட்டுக் கேட்டது.

"உனக்குள் என்ன இருக்கிறது?"

"ஒரு நண்டு."

"அப்புறம்?"

"அது ஓடும்."

கையேடு சிரித்தது. "எனக்குள் பதினெட்டு வரைபடங்கள் இருக்கின்றன. நாற்பத்தேழாம் பக்கத்தைக் கேள்." தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது: "கடல்நீர் மட்டமானது வழக்கத்திற்கு மாறாகப் பின்வாங்கும் நிகழ்வு கண்ணுறப்படும் பட்சத்தில், கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் யாவரும், மேற்படி நிகழ்வின் காரணங்களை ஆராய்வதில் காலவிரயம் செய்யாது, உரிய உயரமுடைய மேட்டுநிலப் பகுதிகளைத் துரிதமாகச் சென்றடையுமாறு..."

கதைப் புத்தகம் பாதியில் தூங்கிப்போயிற்று. முழிப்பு வந்ததும், "மேட்டுக்கு ஓடு என்கிறாய், அவ்வளவுதானே?" என்றது.

"அப்படி மொட்டையாகச் சொன்னால் யார் மதிப்பார்கள்?" என்றது கையேடு.

பூட்டைப் பார்த்துப் பயப்படாத ஆள் அந்த ஊரில் ஒன்று உண்டு, உப்புக்காற்று. அது வருஷக்கணக்காகப் பீரோவின் அடித்தகட்டை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு பொடிந்து விழுந்தது. ஒல்லிக் கதைப் புத்தகம் அந்த ஓட்டை வழியே நழுவித் தரையில் விழுந்தது. காலையில் வந்த துடைப்பம் தூசியோடு தூசியாக அதையும் வெளியே தள்ளிக்கொண்டு போயிற்று.

பீரோ அவமானத்தில் குன்றிப்போனது. "என் மானமே போயிற்று. வெளியே தெரிந்தால் என்னைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்" என்று அழுதது.

குப்பை மேட்டில் கிடந்த புத்தகத்தை ஐந்தாம் வகுப்பு செங்கனி எடுத்தாள். நின்ற இடத்திலேயே படித்தாள். சிரித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, குப்பையில் கிடந்ததை யாரிடம் கொடுப்பது?

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் செங்கனி தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே புத்தகத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பீரோவின் கண்ணாடிக் கதவு வழியாகக் கையேடு அதைப் பார்த்துத் திடுக்கிட்டது.

"என்ன கோலம் இது? உன் அட்டை எங்கே?"

"செங்கனியின் தம்பி தின்றுவிட்டான்."

"இந்தக் கறை?"

"மீன் குழம்பு. எழுபது வீடு போய் வந்துவிட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே குழம்புதான், ருசிதான் வேறு." கதைப் புத்தகம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்னை யாராவது படித்தார்களா?" என்று கேட்டது.

கையேடு பேச்சை மாற்றியது. "அந்தப் பிள்ளைகள் ஏன் மத்தியானமானால் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்?"

"அதுவா? என்னை வைத்து விளையாடுகிறார்கள்."

நண்டின் கதை இதுதான். எதற்கெடுத்தாலும் பயப்படும் ஒரு நண்டு. ஒரு நாள் தரை ஆடியது. நண்டு கல்லுக்கடியில் புகுந்து தலையைப் பொத்திக்கொண்டது. ஆட்டம் நின்றதும் கடல் பின்னால் போயிற்று. மற்ற நண்டுகளெல்லாம் கிளிஞ்சல் பொறுக்க இறங்கின. பயந்த நண்டு மட்டும் மேட்டைப் பார்த்து ஓடியது. ஆயுசு முழுக்கப் பக்கவாட்டில் நடந்த நண்டு, அன்றைக்கு மட்டும் நேராக ஓடியது. அந்த இடம் வந்தால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அதையே ஆட்டமாக்கிக்கொண்டார்கள். ஒருத்தி "தரை ஆடுது" என்றால் எல்லோரும் பெஞ்சுக்கடியில் புக வேண்டும். "கடல் எங்க?" என்றால், "காணோம்" என்று கத்திவிட்டு ஊருக்கு மேற்கேயுள்ள சவுக்கு மேட்டுக்கு ஓட வேண்டும். கடைசியாக வருகிறவர் கிளிஞ்சல். கிளிஞ்சல் ஆனவர் மறுநாள் எல்லோருக்கும் நெல்லிக்காய் கொண்டுவர வேண்டும்.

"வெறும் விளையாட்டு" என்றது கையேடு. "எங்கள் ஒத்திகை முறைப்படி நடக்கிறது, தெரியுமா? போன மாதம்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்."

"திறந்து பிடித்தாரா, மூடிப் பிடித்தாரா?"

கையேடு பீரோவின் பக்கம் திரும்பிக்கொண்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. ஒத்திகைப் படம் எடுக்கும் நாளை விட்டால், வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் கையேடு பீரோவை விட்டு வெளியே வரும். பிள்ளைகளின் புத்தகங்களையெல்லாம் படத்துக்கு முன்னால் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே கையேட்டை வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார் குஞ்சிதபாதம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை தொடக் கூடாது, படிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு அந்தச் சாமியை ரொம்பப் பிடிக்கும். கையேட்டின் அட்டையில் ஒன்பது வருஷத்துப் பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. அன்றைக்குப் பத்தாவது.

செங்கனி பாடப்புத்தகம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். நண்டை மட்டும் பாவாடை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கப் படிக்காமல் இருக்க அவளால் முடியாது.

கற்பூரம் ஏற்றும் நேரத்தில் தரை ஆடியது. படம் அசைந்தது. தலைமையாசிரியர் அறையில் பீரோ நடுங்கிக் கடகடத்தது. செங்கனி சட்டென்று பெஞ்சுக்கடியில் புகுந்து தலையைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கணம் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சுக்கடியில் இருந்தார்கள்.

"இங்க பாருங்க சார், அம்மா தலையாட்டுறா. நல்ல சகுனம்" என்று தமயந்தி டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சகுனமா? என்னைத் திறவுங்கள்" என்று கையேடு கதறியது. கற்பூரத்துக்குக்கூட அது கேட்கவில்லை.

செங்கனி பெஞ்சுக்கடியிலிருந்து வந்து, "சார், மேட்டுக்குப் போயிரலாம் சார்" என்றாள்.

"சும்மா இரு. பூஜை முடியட்டும், சுண்டல் குடுக்கணும்" என்றார் குஞ்சிதபாதம்.

அவளும் பேசாமல் வரிசையில் நின்றாள். தலைமையாசிரியர் சொல்லை மீறிப் பழக்கமில்லை. ஆனால் கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

சுண்டல் கொடுத்து, பாட்டுப் பாடி எல்லாம் முடியும்போது வெளியே ஒரே சத்தம். கடல் பின்வாங்கிவிட்டது. ஊரில் யாரும் பார்த்தேயிராத சேறும் பாறையும் வெயிலில் கிடந்தன. மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஆணும் பெண்ணும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். செங்கனியின் அம்மா மரகதவல்லி எல்லோருக்கும் முன்னால் போனாள்.

குஞ்சிதபாதத்துக்கு உள்ளே என்னவோ சொடுக்கியது. "டீச்சர், அந்தக் கையேட்ட எடுங்க. இதுக்கு என்ன பண்ணணும்னு அதுல போட்டிருக்கும்."

"பூஜையில வச்சது சார். நாளைக்குத்தானே எடுக்கணும்?"

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். அந்த ஒரு நிமிஷத்தில் கையேடு செத்துப் பிழைத்தது. பிறகு படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கையேட்டை எடுத்தார். பத்து வருஷத்தில் முதல்முறையாக அதன் அட்டை திறந்தது. கையேட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

முறையாகப் படிக்கிறவர் அவர், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வாழ்த்துரை. அதையடுத்து இன்னொரு வாழ்த்துரை. பிறகு அணிந்துரை, பதிப்புரை, நன்றியுரை.

"நாற்பத்தேழு," என்று கையேடு கெஞ்சியது. "ஐயா, நாற்பத்தேழு."

அவர் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார்.

செங்கனி இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. வாசல்படியில் ஏறி நின்று, "கடல் எங்க?" என்று கத்தினாள்.

"காணோம்" என்று நூறு குரல் சொன்னது. சுண்டல் சிதறியது. மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஒன்றாம் வகுப்புக்காரர்களைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கிளிஞ்சல் ஆக யாருக்கும் இஷ்டமில்லை.

"ஏய், யாரு போகச் சொன்னா? வரிசை, வரிசை" என்று குஞ்சிதபாதம் கையேட்டை மார்போடு அணைத்தபடி பின்னாலேயே ஓடினார். அவருக்குப் பின்னால் டீச்சர் ஓடினார்.

சேற்றில் நின்ற மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடமே மேற்கே ஓடுகிறது, முன்னால் அவள் பெண். "பாருங்கடி இந்தக் கூத்த. நல்ல நாளும் அதுவுமா பள்ளிக்கூடத்த விட்டு ஓடுறா. இன்னிக்கி இவ கால ஒடிக்கிறேன்" என்று கூடையைப் போட்டுவிட்டுத் துரத்தினாள். மற்ற தாய்மாரும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே ஓடினார்கள். பெண்டாட்டிகள் போவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று ஆண்களும் ஓடினார்கள். அன்றைக்கு அந்த ஊரைக் காப்பாற்றியதில் கோபத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

மரகதவல்லி மேட்டில் ஏறிச் செங்கனியின் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கியபோது, பின்னால் அந்த இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே மகளின் தோளில் விழுந்து இறுகியது. கீழே பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேட்டின் உச்சிவரை ஏறி, செங்கனியின் பாவாடையை இடுப்புவரை நனைத்துவிட்டுத் திரும்பியது. பச்சை பீரோ நூற்றுப் பத்துப் புத்தகங்களோடு, பூட்டு திறக்காமல், பத்திரமாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று கேட்டு அசந்துபோனார். "எந்தப் புத்தகத்தப் பாத்து சார் இத்தனை பேரக் காப்பாத்தினீங்க?"

குஞ்சிதபாதம் பொய் சொல்லத் தெரியாதவர், பிள்ளைகள் சொல்லி விஷயமும் தெரிந்திருந்தது. "நண்டுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "நண்டுன்னு எழுத முடியாதுங்களே."

"ஆமாங்க. எழுத முடியாது."

குஞ்சிதபாதத்தின் கையில் கையேடு இருந்தது. அதிகாரி அதையே எழுதிக்கொண்டார். கீழே, காணாமல் போன புத்தகங்களின் பட்டியலில் 'ஓடிய நண்டு' பெயரைச் சேர்த்தார்.

பட்டியலில் காணாமல் போன புத்தகம் அப்போது மேட்டில் செங்கனி குடும்பம் தங்கியிருந்த கூடாரத்துத் துணிக்கொடியில், ஊதிப்போய்க் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்தில் பாதி கரைந்துவிட்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம்.

பள்ளியைப் புதிதாகக் கட்டினார்கள். ஊரைக் காப்பாற்றிய புத்தகத்துக்கென்று தனியாக ஒரு பீரோ வந்தது, பளபளவென்று, இரண்டு பூட்டோடு. கையேட்டுக்கு மாலை போட்டு, பதினோராவது பொட்டு வைத்து உள்ளே உட்கார வைத்தார்கள்.

செங்கனி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள், "சார், அதுல என்ன கதை சார் இருக்கு?"

"ரொம்ப முக்கியமான புத்தகம்மா அது" என்றார் குஞ்சிதபாதம், இரண்டாவது பூட்டையும் இழுத்துப் பார்த்தபடி. "பத்திரமா இருக்கட்டும்."

அவள் போகிறவரை கையேடு பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பீரோவிடம் மெதுவாகக் கேட்டது, "அண்ணே, உங்களுக்கு எப்போது துருப்பிடிக்கும்?"

"எனக்கா?" என்று புது பீரோ நெஞ்சை நிமிர்த்தியது. "நான் எவர்சில்வர் தம்பி. கவலையே படாதே, நூறு வருஷத்துக்கு உன்னை ஒருத்தரும் தொட முடியாது."