கல்யோப்பி திறந்த மூணு அண்டா

தூரத்துல, கிரேக்க தேசத்துக் கடல்ல, மெலித்ரான்னு ஒரு குட்டித் தீவு இருந்துச்சாம். எவ்வளவு குட்டின்னா, இந்தக் கரையில ஒருத்தன் தும்முனா அந்தக் கரையில இருக்கறவன் "நூறு வயசு"ன்னு சொல்லுவானாம். அந்தத் தீவுல கல்யோப்பின்னு ஒரு அம்மா தனியா இருந்தா.

அங்க ஆடி முடியற சமயத்துல மாதா திருவிழா. மாதா படம் ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுல இருக்கும். திருவிழாவுக்கு யாரு சமைச்சுப் போடறாங்களோ, படம் அவங்க வீட்டுக்குப் போகும். ஆனா பொழுது சாயறதுக்குள்ள அண்டா காலியாகணும். மிஞ்சிப்போச்சுன்னா படம் பழைய வீட்டுலயே தங்கிடும். பன்னெண்டு வருஷம் காத்திருந்து இந்தத் தடவை கல்யோப்பிக்கு முறை வந்துச்சு.

பழைய வீடு யாரோடதுன்னு கேளுங்க. படகுத்துறையில சாப்பாட்டுக்கடை வச்சிருந்த ஸ்தமாதியோடது. படம் வீட்டுல இருந்ததால, அவன் தெருவுல போனா ஊரே எழுந்து நின்னுச்சு. அந்த ருசி விடுமா?

கல்யோப்பி தீவோட வடக்கு முனைக் கோயில்ல மூணு அண்டா ஏத்தினா. ஒண்ணுல நம்ம கொண்டைக்கடலைதான், வெங்காயமும் பிரிஞ்சி இலையும் போட்டு. ஒண்ணுல திராட்சை மது ஊத்தின ஆட்டுக்கறி. ஒண்ணுல தக்காளியும் பட்டையும் போட்ட பேய்க்கணவாய், அதான் எட்டுக்கை ஆக்டோபஸ். பிரியாணி அண்டாவுக்கு மாவு வச்சு ஒட்டுவோமே, அப்படி மூடியைச் சுத்தி ஒட்டினா. படகுல வர்ற வெளியூர் விருந்தாளி முதல்ல உக்காந்தாத்தான் அந்த மாவை உடைக்கணும், ஊர்க்காரங்க அப்புறந்தான் உக்காரணும்னு முறை. யாரையும் போய்க் கூப்பிடவும் கூடாது, விருந்துக்குத் தானா வரணும்.

இது ஸ்தமாதிக்குத் தெரியாதா? காலையிலயே துறைக்கு ஓடிட்டான். முதல் படகு வந்துச்சு, திருவிழா சாயங்காலந்தான், அதுவரைக்கும் குடாவுல நீந்துங்கன்னு அனுப்பினான். ரெண்டாவது படகு வந்துச்சு, காற்றாலை மேட்டுல பாலாடைக்கட்டி செய்யறாங்க, போய்ப் பாருங்கன்னு அனுப்பினான். மூணாவது படகு வந்துச்சு, வெயில்ல எங்க போறீங்க, நம்ம கடையில உக்காருங்கன்னு உக்கார வச்சுட்டான்.

உச்சி வெயில் வந்துச்சு. கோயில் படியில நின்னு பாத்தா தீவு மொத்தமும் தெரியும். குடாவுல தலையா தெரியுது, மேட்டுல தொப்பியா தெரியுது, கடையில குடையா தெரியுது, பந்தியில ஒரு ஈ கூட இல்ல. பிடில்காரர் சும்மா கம்பியைத் தட்டிக்கிட்டு இருந்தாரு.

கல்யோப்பி ஒரு கரண்டியை எடுத்துக்கிட்டு முதல் அண்டாகிட்ட போனா. பாதிரியார் பதறிப்போய் முன்னால வந்தாரு.

"இன்னும் யாருமே உக்காரலையேம்மா. முறை தப்பிடும்."

"வந்தா தொறக்கறது முறை சாமி. தொறந்தாத்தான் வருவாங்கன்னா என்ன செய்ய? முறை விருந்தாளிக்காகத்தானே, அண்டாவுக்கா?"

பாதிரியார் யோசிச்சாரு, நகந்துக்கிட்டாரு.

அந்த மாசத்துல வடகாத்து பேயாட்டம் அடிக்கும். அவ முதல் மாவை உடைச்சா, கடலை வாசம் குடாவுக்குப் போச்சு, நீந்தினவங்க ஈரத் துண்டோட வந்துட்டாங்க. ரெண்டாவதை உடைச்சா, கறி வாசம் மேட்டுக்குப் போச்சு, தொப்பியெல்லாம் உருண்டுக்கிட்டு இறங்கிச்சு. மூணாவதை உடைச்சா, கணவாய் வாசம் ஸ்தமாதி கடைக்குள்ளயே பூந்துச்சு, அவன் வச்ச தட்டை அப்படியே விட்டுட்டு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. அப்புறம் என்ன, பிடில் பாடுச்சு, எல்லாரும் தோளோட தோள் கோத்து வட்டமா ஆடினாங்க, ஆடினாங்க, சாப்பிட்டாங்க, திரும்ப ஆடினாங்க.

சூரியன் தண்ணியத் தொடப்போகுது. மூணாவது அண்டா அடியில ஒரே ஒரு தட்டு கணவாய் இருக்கு. யாரு வயித்துலயும் இடமில்ல. அப்பப் பாத்து ஸ்தமாதி வந்தான், எட்டிப் பாத்தான், சிரிச்சான்.

"மிஞ்சிருக்கே கல்யோப்பியக்கா."

"பொழுதும் மிச்சம் இருக்கு தம்பி"ன்னு சொல்லிட்டு, அவ அதைத் தட்டுல போட்டு, மேல கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு துண்டு ரொட்டியும் வச்சு, அவன் மூக்குக்கு நேரா நீட்டினா.

அவன் காலையிலேருந்து மூணு படகுக்கு ஓடினவன், பச்சத்தண்ணி குடிக்கல. சாப்பிடாம நின்னா ஜெயிச்சிடுவான், அதுவும் அவனுக்குத் தெரியும். உப்பு மட்டும் பாக்கறேன்னு ஒரு வாய் வச்சான். சரியாத் தெரியலைன்னு ரெண்டாவது வாய் வச்சான். மூணாவது வாய்க்குக் கண்ணு சொருகிடுச்சு, ரொட்டியால தட்டைத் துடைச்சுத் தின்னுட்டான்.

பாதிரியார் அண்டாவைக் கவுத்துக் காட்டினாரு, ஒரு சொட்டு விழல. படம் கல்யோப்பி கைக்குப் போச்சு. "அப்ப நான் கெளம்பறேன்"னான் ஸ்தமாதி.

"எங்க கெளம்பற? பந்தியில கடைசியாச் சாப்பிட்டவன்தானே நம்ம ஊர்ல பாத்திரம் கழுவணும்"னாரு பாதிரியார்.

அண்டா என்ன அண்டா, ஆளே உள்ள இறங்கித் தேய்க்கணும். முதல்ல இறங்கித் தேய்ச்சான், ரெண்டாவதுல இறங்கித் தேய்ச்சான், மூணாவதுல இறங்கித் தேய்ச்சான். வந்தவங்க இதுவும் திருவிழாவுல ஒரு ஆட்டம்னு நெனச்சு, சுத்தி நின்னு கை தட்டினாங்களாம்.

பசிச்சு வந்தவங்கள வழி மாத்தி விட்டவனுக்குக் கிடைச்சது எச்சில் அண்டா. மாதா வீடு போய்ச் சேந்தாச்சு, ஸ்தமாதி கையில கரி சேந்தாச்சு, கதையும் கரை சேந்தாச்சு.