பாகற்காய் அல்வாவும் ஒற்றைக் குன்றிமணியும்

முன்னொரு காலத்தில் வேங்கைநாடு என்றொரு சீமையைத் திருமேனிராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு இரண்டு கிறுக்கு. யாராவது புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துவிடும், அது ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே பாகற்காய் அல்வா கிண்டி எல்லோருக்கும் விருந்து வைப்பார், அது இன்னொன்று. பாகற்காயில் அல்வா! சாப்பிட்டவர்கள் எல்லோரும் "தேவாமிர்தம்" என்றார்கள். வேறென்ன சொல்ல முடியும், பரிமாறுகிறவர் இடுப்பில் வாள் தொங்கும்போது?

அந்த நாட்டின் உயிரே பெரிய ஏரிதான். எந்த ஊருக்கு எந்த நாள் மடை திறப்பது என்பதை நாற்பது ஊர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஏரிச்சபை முடிவு செய்யும். ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வருஷம் சபைக்குத் தலைவியாக இருந்தவள் மங்களநாச்சி. வயல்வேலை செய்து காய்த்த கையும், யாருக்கும் சளைக்காத வாயும் உள்ளவள். அவள் வரும்போது ஜனங்கள் எழுந்து நிற்பது தளவாய் சொக்கேசனுக்கு வயிற்றெரிச்சல். அவனுக்கும் அதே ஏரிப் பாசனத்தில்தான் எட்டு வயல் இருந்தது. இருந்தும் பொறாமை கண்ணை மறைத்தது.

"மகாராஜா, சிங்கம் இருக்கும்போது நாற்பது முயல்கள் எதற்கு நாட்டாமை செய்ய வேண்டும்? சபையைக் கலைத்துவிடுங்கள். தாங்கள் சொல்லும்போது மடை திறக்கட்டும். முதலில் அரண்மனைத் தாமரைக் குளத்தை நிரப்பிக்கொள்வோம்" என்று ஓதினான்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. விருந்து நாளன்று நாற்பது ஊர்ப் பெரியவர்களையும் சபையோரையும் கூட்டி, "ஏரி என் பொறுப்பில் இருக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். சொக்கேசனின் வீரர்கள் வேலோடு சுற்றி நின்றார்கள். அத்தனை கையும் மேலே போயிற்று. மங்களநாச்சியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

குளம் நிரம்பினால் பயிர் கருகும் என்று அவளுக்குத் தெரியும். கை தூக்கியவர்களுக்கும் தெரியும். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. சுற்றி நின்ற வேல்களைப் பார்த்தாள், அவர்கள் முகத்தைப் பார்த்தாள், பரிதாபம்தான் வந்தது.

"ஊரே ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா?" என்றார் ராஜா.

"மகாராஜா, இவங்க தூக்கினது கையைத்தான், மனசை இல்லை. நிரூபிச்சுக் காட்டறேன். முடியலேன்னா நாட்டை விட்டே போயிடறேன்."

"முடிந்தால்?"

"எங்க ஊர் முறைப்படி இன்னொரு தடவை கேளுங்க. அதுக்கு முன்னாடி விருந்து முடியட்டும். எனக்கும் பசிக்குது."

ராஜா சிரித்துவிட்டார். பந்தி நடந்தது. கடைசியில் அல்வா வந்தது. "அல்வா எப்படி?" என்று ராஜா கேட்க, "அமிர்தம்!" என்று பந்தல் அதிர்ந்தது. சொக்கேசன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு முடித்தவர்கள், மனம் நிறைந்ததற்கு அடையாளமாக இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள்.

"பார்த்தாயா, ஒரு இலைகூட எதிர்ப்பக்கம் மடியவில்லை" என்றார் ராஜா பெருமையோடு.

"வெளியே தெரியறது அதுதான் மகாராஜா. தங்கள் கையால கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. போன வருஷம் நானும் இப்படித்தான் மடிச்சேன், அதனால சொல்றேன்."

ராஜா முதல் இலையைப் பிரித்தார். அல்வா அப்படியே இருந்தது. அடுத்த இலையில் அப்பளத்துக்கு அடியில் இருந்தது. சொக்கேசன் இலையில் இரண்டு கரண்டியும் விரல் படாமல் குந்தியிருந்தன. ராஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

மங்களநாச்சி தணிந்த குரலில் சொன்னாள்: "ஒரு கரண்டி அல்வாவுக்கே உண்மை சொல்லப் பயப்படறவங்க, ஒரு வருஷத்துச் சோத்துக்கு எப்படிச் சொல்வாங்க?"

ராஜா தன் இடுப்பு வாளைக் கழற்றி வைத்தார். பிறகு, "வேல்காரர்கள் வெளியே போங்கள்" என்றார். ஊர் முறைப்படி ஒரு திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் இரண்டு குடம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு குன்றிமணி. சபைதான் வேண்டும் என்றால் புளியங்கொட்டை, ராஜா வேண்டும் என்றால் குன்றிமணி. அதைப் பெரிய குடத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சின்னக் குடத்தில் தள்ளிவிட வேண்டும். சொக்கேசனும் போனான். கடைசியில் ராஜாவும் போனார்.

பெரிய குடத்தைக் கவிழ்த்தார்கள். புளியங்கொட்டை குவியலாகக் கொட்டியது. நடுவே ஒரே ஒரு குன்றிமணி சிவப்பாகக் கிடந்தது.

"யார் போட்டதுன்னு கேட்கக் கூடாது மகாராஜா, அதுக்குத்தான் திரை" என்று மங்களநாச்சி சொல்லி முடிப்பதற்குள் சொக்கேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"ஊரே துரோகம் செய்தாலும் தங்களுக்கு நான் ஒருவன் இருக்கிறேன் மகாராஜா! அந்தக் குன்றிமணி அடியேன் போட்டது!"

"அப்படியா?" என்றார் ராஜா. "அது நான் போட்டது."

பந்தல் சிரித்த சிரிப்பில் காக்கைகள் கலைந்து பறந்தன. சொக்கேசனுக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

"தளவாயே, உன் எட்டு வயலுக்கும் சபைத் தண்ணீர்தான் வேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும் பொய்யா? இன்றைக்கு மிஞ்சிய அல்வா முழுவதும் உனக்குத்தான், இங்கேயே உட்கார்ந்து சாப்பிடு" என்றார் ராஜா. பிறகு, ஏரியும் சபையும் இருந்தபடியே இருக்கும், ராஜாவுக்கும் அங்கே ஒரு விதைதான் உரிமை என்று செப்பேட்டில் வெட்டச் சொன்னார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மங்களநாச்சிக்குப் போர்த்தினார்.

"கடைசியாக ஒன்று. அடுத்த வருஷமும் பாகற்காய் அல்வா கிண்டலாமா? வேண்டாம் என்பவர்கள் பயப்படாமல் கை தூக்குங்கள்."

வேல் இல்லை, வாள் இல்லை. ஆனாலும் அத்தனை கையும் ஒரே நொடியில் மேலே போயிற்று. முதலில் எழுந்தது, வாய் நிறைய அல்வாவோடு உட்கார்ந்திருந்த சொக்கேசனின் கை. அவன் வாழ்நாளில் ராஜாவுக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான்.